ரப்பர் போல வளையும் விரல்: மூட்டுத் தளர்வும் ஆட்டிசமும்

ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கும் படிகளில் என் அக்கா மகன் முதலில் நன்றாகத்தான் வந்தான். பாதி தூரம் போன பிறகு ஒவ்வொரு படிக்கும் என் சட்டையைப் பிடிக்க ஆரம்பித்தான். திரும்பி ஏறும்போது உட்கார்ந்துவிட்டான். எழுப்பினால் காலை உதைத்தான், பிறகு தன் கையையே கடித்தான். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "பையன் ரொம்ப அடம் போலிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எட்டு வயதுப் பையன், ஆட்டிசம் இருக்கிறது, கூட்டம் அதிகம், சத்தம் அதிகம், அதனால்தான் இப்படி என்று முடிவு கட்டிவிட்டோம். தூக்கிக்கொண்டுதான் ஏறினேன்.

கீழே இறங்கும் முன் ஏரிப் பக்கம் வண்டியை நிறுத்தி, அம்மாயி தன் மூட்டு வலிக்கு முடவாட்டுக்கால் கிழங்கு வாங்கினார். ஆட்டுக்கால் மாதிரியே பழுப்பு ரோமத்தோடு இருக்கும் அந்தக் கிழங்கைப் பையன் மடியில் வைத்து வழியெல்லாம் தடவிக்கொண்டே வந்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் முடியும் வரை இரண்டு முழங்கால்களையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தான். அதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, கால் வலிக்காக அல்ல, கையெழுத்துக்காக அவனைச் சேலத்தில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனோம். இரண்டு வரி எழுதினால் பென்சிலை வீசிவிடுகிறான் என்பதுதான் பள்ளியின் புகார். அந்த அம்மா நோட்டைப் பார்க்கவே இல்லை. அவன் உள்ளங்கையை மேசைமேல் வைத்து, சுண்டு விரலை மட்டும் மெதுவாகப் பின்னால் தூக்கினார். விரல் நேராக நின்றது, அப்புறம் அதையும் தாண்டிப் புறங்கைப் பக்கம் சாய்ந்தது. கட்டை விரலை மடக்கினார். அது முன்கையில் போய்ப் படுத்துக்கொண்டது. பையன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, ஜன்னல் வழியே பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு மூட்டெல்லாம் ரொம்ப லூசா இருக்குங்க. கால் வலிக்குதுன்னு எப்பவாவது சொல்லியிருக்கானா?"

"வலின்னு அவன் இதுவரைக்கும் சொன்னதே இல்லைங்க மேடம்" என்றாள் அக்கா.

"அவனுக்குச் சொல்லத் தெரியுமாங்க?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. நாலு வயதில் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி என்று எத்தனையோ பேரிடம் போயிருக்கிறோம். அவன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. அந்த நாளிலிருந்து தேடிப் படித்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரிப் பிள்ளைகள் உள்ள வீடு ஒவ்வொன்றுக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

மூட்டுகள் வழக்கமான அளவைத் தாண்டி வளைவதை மூட்டு மிகைநெகிழ்வு என்பார்கள், ஆங்கிலத்தில் ஹைப்பர்மொபிலிட்டி. அதை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்துவது பெய்ட்டன் அளவுகோல். தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய மரபியல் மருத்துவர் பீட்டர் பெய்ட்டனும் உடன் பணியாற்றியவர்களும் 1973ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது அது. மொத்தம் 9 புள்ளிகள். சுண்டு விரல் பின்புறமாக 90 பாகைக்கு மேல் வளைந்தால் ஒரு கைக்கு ஒரு புள்ளி. கட்டை விரல் முன்கையைத் தொட்டால் கைக்கு ஒன்று. முழங்கை நேராக நீட்டியதற்கு மேல் 10 பாகை பின்னால் போனால் கைக்கு ஒன்று. முழங்காலுக்கும் அதே 10 பாகைக் கணக்கு, காலுக்கு ஒன்று. இதோடு எட்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிய வைத்தால் ஒன்பதாவது புள்ளி. பையனுக்கு ஏழு வந்தது.

வயதைப் பொறுத்து வரம்பு மாறும். 2017ல் வந்த பன்னாட்டு வரையறையின்படி, பருவமடையாத பிள்ளைகளுக்கு 6, பருவமடைந்தவர்களுக்கு ஐம்பது வயது வரை 5, அதற்கு மேல் 4. சின்னப் பிள்ளைகள் எல்லோருமே கொஞ்சம் வளைவார்கள், வயது ஏற ஏற இறுகிவிடும். பெண்களுக்கு ஆண்களைவிட நெகிழ்வு அதிகம். ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்கு அதிகம் என்பதும் பல காலமாகத் தெரிந்த விஷயம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் வட்டாரத்துப் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் ஏறக்குறைய 14 வயதில் பெண் பிள்ளைகளில் 27.5 சதவீதம் பேருக்கும் ஆண் பிள்ளைகளில் 10.6 சதவீதம் பேருக்கும் 4 அல்லது அதற்கு மேல் புள்ளிகள் வந்தன. ஆக, வளைவது மட்டும் நோயாகாது. வளைகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்கிறார்கள். பரதம் ஆடுகிறவர்களுக்கும் ஜிம்னாஸ்டிக் செய்கிறவர்களுக்கும் அது வரம்கூட. வலி, அடிக்கடி சுளுக்கு, மூட்டு நழுவுதல், சீக்கிரம் களைத்துப்போதல் இவையெல்லாம் கூடவே வரும்போதுதான் அது கவனிக்க வேண்டிய நிலையாகிறது.

ஏன் இப்படி வளைகிறது? எலும்பையும் எலும்பையும் கட்டி வைப்பவை தசைநார்கள். அவை பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆனவை. மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஒரு கயிறு ஆவதுதான் கொலாஜனின் அமைப்பு. என் தாத்தா அம்மாப்பேட்டையில் தறி ஓட்டியவர். நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாவு தொய்ந்திருந்தால் சேலை அலையடிக்கும் என்பார். உடம்புக்குள்ளும் ஏறக்குறைய இதே கதைதான். நூலின் முறுக்கிலோ, நூல்கள் ஒன்றோடொன்று பின்னும் விதத்திலோ பரம்பரையாக ஒரு சின்ன மாற்றம் இருந்தால் போதும், கட்டு தொய்ந்துவிடும். கட்டு தொய்ந்தால் மூட்டை நிலையாக வைத்திருக்கும் வேலை முழுக்கத் தசைகள்மேல் விழுகிறது. மற்ற பிள்ளை சும்மா நிற்கும் நேரத்தில் இந்தப் பிள்ளையின் தசைகள் ஓவர்டைம் பார்க்கின்றன. சாயங்காலம் ஆனால் துவண்டுபோவதும், எங்கே போனாலும் சுவரில் சாய்வதும், சாப்பாட்டு மேசையில் தலையை வைத்துவிடுவதும் அதனால்தான்.

இந்த வரிசையில் எல்லோரும் கேள்விப்பட்ட பெயர் ஏலர்ஸ்–டான்லோஸ். டென்மார்க் தோல் மருத்துவர் எட்வர்ட் ஏலர்ஸ் 1901லும், பிரெஞ்சு மருத்துவர் ஹென்றி டான்லோஸ் 1908லும் விவரித்த நிலை. 2017ன் பட்டியலில் அதற்கு 13 வகைகள். அவற்றில் மிகப் பரவலானது மிகைநெகிழ்வு வகை. மற்ற வகைகளுக்குக் காரணமான மரபணுக்கள் தெரிந்துவிட்டன, இந்த ஒன்றுக்கு இன்னும் பிடிபடவில்லை. அதனால் இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. கையால் தொட்டு, குடும்பக் கதை கேட்டுத்தான் சொல்ல வேண்டும். ரத்தக் குழாயைப் பாதிக்கும் வகை ஒன்று உண்டு, அது அரிது, ஆனால் ஆபத்தானது. மார்ஃபான் என்ற வேறொரு நிலையிலும் மூட்டு வளையும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாய் விரிந்துகொள்ளும். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அல்லது பிள்ளை வழக்கத்துக்கு மாறாக உயரமாகவும் விரல்கள் மிக நீளமாகவும் இருந்தால், இதய மருத்துவரிடம் எக்கோ எனும் இதய ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. இதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

சரி, ஆட்டிசத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஆட்டிசக் குழந்தைகள் சிலரின் உடல் அசைவு வித்தியாசமாக இருப்பதை ஆரம்ப நாள்களிலேயே கவனித்திருக்கிறார்கள். 1944ல் ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் தான் பார்த்த சிறுவர்களின் தடுமாற்றமான நடையைப் பற்றி எழுதினார். ஆனாலும் பேச்சு, பழக்கம், பார்வை என்று எல்லோர் கவனமும் வேறு பக்கம் போய்விட்டது. உடம்பின் பக்கம் கவனம் திரும்பியது பதற்றத்தின் வழியாக. 1980களின் இறுதியில் பார்சிலோனாவில் அன்டோனியோ புல்பெனா என்ற மனநல மருத்துவர், மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்குப் பீதியும் பதற்றமும் அதிகம் வருவதைக் காட்டினார். மூட்டையும் மனதையும் ஒரே தாளில் எழுத முடியும் என்று பலருக்கும் அப்போதுதான் உறைத்தது.

2014ல் அமெரிக்காவில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் இல்லாத பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, ஆட்டிசப் பிள்ளைகளுக்கு மூட்டு நெகிழ்வும் நடை வித்தியாசமும் அதிகமாக இருந்தன. 2016ல் சுவீடன் தன் தேசிய மருத்துவப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தது. ஏலர்ஸ்–டான்லோஸ் உள்ள 1,771 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டதில், அவர்களுக்கு ஆட்டிசம் இருக்கும் வாய்ப்பு 7 மடங்குக்குச் சற்று மேல். ஏடிஎச்டி எனப்படும் கவனச் சிதறல் நிலைக்கும் 5 மடங்குக்கு மேல். 2022ல் இங்கிலாந்தின் பிரைட்டன் பக்கத்தில் மனநல மருத்துவர் ஜெசிக்கா எக்கிள்ஸ் குழுவினர், ஆட்டிசம், ஏடிஎச்டி, தன்னையறியாமல் உடல் வெட்டி இழுக்கும் டூரெட் போன்ற நிலைகள் உள்ள 109 பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். 51 சதவீதம் பேருக்கு மூட்டு மிகைநெகிழ்வு. பொது மக்களில் அது 20 சதவீதம். அப்படி வளைந்தவர்களுக்கு உடல் வலியும், எழுந்து நின்றால் தலை சுற்றுவது போன்ற தொல்லைகளும் கூடுதலாக இருந்தன.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். ஏழு மடங்கு என்றதும் பலருக்கு வயிற்றைக் கலக்கும். ஒரு பேச்சுக்கு, பொது மக்களில் நூறில் ஒருவருக்கு ஆட்டிசம் என்று வைத்துக்கொள்வோம். ஏழு மடங்கு என்றால் நூறில் ஏழு பேர். மீதி 93 பேருக்கு ஆட்டிசம் இல்லை. அதுவும் இந்தக் கணக்கு ஏலர்ஸ்–டான்லோஸ் என்று மருத்துவமனையில் பதிவானவர்களுக்கு, சும்மா விரல் வளைகிற பிள்ளைகளுக்கு அல்ல. ஆகவே உங்கள் பிள்ளையின் கட்டை விரல் முன்கையைத் தொடுகிறது என்பதற்காக ஆட்டிசம் இருக்குமோ என்று பயந்து ஓட வேண்டியதே இல்லை. திருப்பிப் பார்த்தால் நிலைமை வேறு. ஏற்கெனவே ஆட்டிசம் என்று தெரிந்த பிள்ளைக்கு மூட்டுத் தளர்வும் இருக்கும் வாய்ப்பு கணிசமானது. அந்தப் பிள்ளையின் மூட்டைப் பார்க்காமல் விடுவதில் நியாயமே இல்லை.

எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மூட்டுத் தளர்வு பெண்களுக்கு அதிகம், ஆட்டிசம் கண்டறியப்படுவது ஆண்களுக்கு அதிகம். இரண்டும் எதிரெதிர்த் திசை. ஆண் பெண் கணக்கைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் தப்பான விடை வரும். அதோடு, வலி என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு மற்ற நிலைகளும் சீக்கிரம் கண்டுபிடிக்கப்படும், அந்தக் காரணத்தாலேயே தொடர்பு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியலாம். ஆட்டிசப் பிள்ளைகள் பலருக்குத் தசை இறுக்கமே குறைவு என்பதால், அளக்கும்போது எது தசை, எது தசைநார் என்று பிரிப்பதும் லேசு அல்ல. இவ்வளவையும் கழித்துப் பார்த்தாலும் ஏதோ ஒரு உறவு மிஞ்சுகிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில், அதே திசையில் விடை வந்திருக்கிறது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று மட்டும் யாரும் காட்டிவிடவில்லை. தளர்ந்த மூட்டு ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம்.

இரண்டும் ஒரே வேரிலிருந்து வர முடியும் என்பதற்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஓர் உதாரணம் இருக்கிறது: ஃப்ரஜைல் எக்ஸ். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 என்ற ஒரே மரபணுவில் வரும் மாற்றம் அது. அந்தப் பிள்ளைகளுக்கு விரல் மூட்டுகள் அதிகமாக வளையும், பாதம் தட்டையாக இருக்கும், முகம் நீளமாகவும் காது பெரிதாகவும் இருக்கும். அவர்களில் பலருக்கு ஆட்டிசமும் இருக்கும். ஒரே மரபணு, உடம்பின் கட்டிலும் மூளையின் வளர்ச்சியிலும் ஒரே நேரத்தில் கை வைக்கிறது. இதற்கு ரத்தத்தில் டிஎன்ஏ பரிசோதனை உண்டு. ஆட்டிசத்தோடு கற்றலில் பெரிய பின்னடைவும், தாய்வழி உறவில் இதே மாதிரி வேறு ஆண் பிள்ளைகளும் இருந்தால் மருத்துவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்கும் மூட்டு தளர்ந்திருக்கும், அவர்களிடமும் ஆட்டிசம் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் பெரும்பாலான ஆட்டிசப் பிள்ளைகளிடம் இப்படி ஒற்றைக் காரணம் கிடைக்காது. ஆட்டிசத்தில் பங்கு வகிக்கும் மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

எனக்கு மிகவும் புரிதல் தந்தது உடல் உணர்வு பற்றிய விளக்கம்தான். கண்ணை மூடிக்கொண்டு மூக்கைத் தொடச் சொன்னால் தொட்டுவிடுகிறோம். கை எங்கே இருக்கிறது என்று தசையிலும் மூட்டுறையிலும் உள்ள உணர்விகள் மூளைக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் அது முடிகிறது. மூட்டு தொளதொள என்று இருந்தால் அந்தச் செய்தி மங்கலாகப் போகிறது. மங்கலான செய்தியைத் தெளிவாக்கிக்கொள்ளப் பிள்ளை என்ன செய்யும்? தொம் தொம் என்று குதிக்கும். காலைத் தரையில் ஓங்கி வைக்கும். நுனிக்காலில் நடக்கும். இரண்டு தலையணைக்கு நடுவில் போய் நசுங்கிக்கொள்ளும். அழுத்திக் கட்டிப்பிடிக்கும். இதையெல்லாம் ஆட்டிசத்தின் புலன் தேடல் என்று ஒரே வார்த்தையில் முடித்து வைத்திருந்தோம். புலன் உணர்வு கூடியோ குறைந்தோ இருப்பது ஆட்டிச அடையாளங்களில் ஒன்றாக 2013ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் வரையறையிலேயே சேர்ந்துவிட்டது, உண்மைதான். ஆனால் அதில் ஒரு பங்கு மூட்டிலிருந்தும் வரலாம் என்று எங்களிடம் யாரும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் இதை நான் கண்ணால் கண்டது தட்டுவடை செட்டில். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தருவார்கள். பிடிக்கும் பிடியில் கொஞ்சம் அழுத்தம் கூடினால் பொடிப்பொடியாகிவிடும், குறைந்தால் நழுவிவிடும். அவன் கையில் எடுத்த செட் ஒவ்வொன்றும் நொறுங்கும். நொறுங்கியதும் அழுவான், தட்டைத் தள்ளுவான். ருசி பிடிக்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். எவ்வளவு அழுத்துகிறோம் என்பது அவன் விரலுக்குத் தெரியவில்லை. பென்சில் முனை உடைவதும், தாள் கிழிவதும், இரண்டு வரியில் கை ஓய்ந்துபோவதும் அதே காரணம். பிசியோதெரபிஸ்ட் அவன் எழுதும்போது பக்கத்தில் குனிந்து பார்க்கச் சொன்னார். ஆள்காட்டி விரலின் நுனி மூட்டு உள்ளே குழிந்து, வில்லைத் திருப்பி வைத்தது போல வளைந்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. அவ்வளவு பலம் போட்டுத்தான் அவன் "அ" எழுதுகிறான்.

உடம்பின் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ளும் உணர்வும் இதில் சேர்கிறது. இதயம் படபடப்பது, பசி, மூத்திரம் முட்டுவது, வலி, எல்லாம் உள்ளிருந்து வரும் செய்திகள்தான். மூட்டுத் தளர்வு உள்ளவர்கள் சிலருக்கு எழுந்து நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது, அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்கிறது. நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 30, பதின்ம வயதினருக்கு 40 கூடி, தலைசுற்றல் போன்ற தொல்லைகளும் மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதற்கு பாட்ஸ் என்று பெயர். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வெயிலில் வரிசையாக நிற்க வைத்தால் இந்தப் பிள்ளைக்குப் படபடக்கும், கண் இருட்டும். படபடப்பு உடம்பிலிருந்து வருகிறதா, பயத்திலிருந்து வருகிறதா என்று பெரியவர்களுக்கே பிரித்துச் சொல்வது கஷ்டம். சொல் அதிகம் இல்லாத பிள்ளை என்ன செய்யும்? வரிசையைவிட்டு ஓடும், அல்லது தரையில் படுத்துவிடும். பதற்றத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி, மூட்டுத் தளர்வு உள்ளவர்களுக்குச் சற்றுப் பெரிதாக இருப்பதாக எக்கிள்ஸ் குழு 2012லேயே கண்டது. பெரிதாக இருப்பதால் என்ன ஆகிறது என்பது அடுத்த கேள்வி, அதற்கு இன்னும் நிறைய ஆய்வு வேண்டும்.

ஆட்டிசம் என்ற ஒரு சொல் கேஸ் ஷீட்டின் மேலே ஏறிவிட்டால், அதற்குக் கீழே எழுத வேண்டியதெல்லாம் நின்றுபோகிறது. இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படி ஏற மறுத்தால் அடம். எழுத மறுத்தால் ஒத்துழையாமை. ராத்திரி தூங்காமல் காலை உதறினால் ஆட்டிசப் பிள்ளைகளுக்குத் தூக்கம் வராதுதானே என்ற பதில். அவன் முன்பு படித்த பள்ளியில், தரையில் சம்மணம் போட்டு உட்கார மாட்டேன் என்கிறான், முழங்காலை இரண்டு பக்கமும் விரித்து டபிள்யூ மாதிரி உட்காருகிறான் என்று தினமும் திருத்தினார்கள். இடுப்பு மூட்டு தளர்ந்த பிள்ளைக்கு அதுதான் விழாமல் உட்காரும் வழி. அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை, முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி கொடுத்துத் திருத்தியிருக்கலாம். அவனுக்கு ஒரு நாற்காலி கிடைக்க இரண்டு வருஷம் ஆனது.

தளர்வு இருக்கிறது என்று தெரிந்த பிறகு வீட்டில் என்னென்ன மாறின என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் மாறியது, அவனை வளைக்கச் சொல்லிக் கைதட்டுவதை நிறுத்தியது. "ரப்பர் பையன்" என்று விருந்தாளிகள் முன்னால் கட்டை விரலை மடக்கிக் காட்டச் சொன்னது நானேதான். ஒவ்வொரு முறை அளவுக்கு மீறி வளைக்கும்போதும் ஏற்கெனவே தொய்ந்த கட்டு இன்னும் தொய்யலாம். யோகா விஷயத்திலும் கவனம் தேவை. பள்ளிகளில் உடம்பு நன்றாக வளையும் பிள்ளையைத்தான் தேடிப் பிடித்து மேடை ஏற்றுகிறார்கள், சாதனைச் சான்றிதழ் என்று கடினமான ஆசனத்தில் நெடுநேரம் நிறுத்துகிறார்கள். அந்தப் பிள்ளைக்குத் தேவை இன்னும் நீட்டுவது அல்ல, மூட்டைச் சுற்றியுள்ள தசையைப் பலப்படுத்துவது. யோகாவே வேண்டாம் என்பதில்லை. மூட்டைக் கடைசி எல்லை வரை தள்ளாமல், மெதுவாக, பலம் கூடும் ஆசனங்களைத் தெரிந்த ஒருவர் சொல்லிக் கொடுத்தால் நல்லதே.

சுளுக்கு வழிப்பதும் அப்படித்தான். கணுக்கால் பிசகினால் எண்ணெய் போட்டு நீவிவிடுவது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள பழக்கம், நீவினால் சுகமாகவும் இருக்கும். ஆனால் "சொடக்கு" என்று சத்தம் வர இழுத்துவிடுவது தளர்ந்த மூட்டுக்கு ஆகாது. அம்மாயி முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பும் ஆட்டுக்கால் சூப்பும் மாறி மாறி வைத்துக் கொடுத்தார். பையன் விரும்பிக் குடிக்கிறான், குடிக்கட்டும். ஆனால் ஆட்டுக்காலில் உள்ள கொலாஜனோ, கடையில் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு விற்கும் கொலாஜன் பொடியோ அப்படியே போய் மூட்டில் ஒட்டிக்கொள்ளாது. வயிற்றில் மற்ற புரதத்தைப் போலவே செரித்துவிடும். இவனுக்குக் கொலாஜன் பற்றாக்குறை கிடையாது, அது பின்னப்பட்டிருக்கும் விதம்தான் வேறு. பொடிக்குச் செலவழிக்க நினைத்த பணத்தில், கணுக்காலைப் பிடித்து நிற்கும் நல்ல ஷூ ஒன்று வாங்கினோம். நடை தெரிகிற மாதிரி மாறியது.

பயிற்சி என்று பார்த்தால் எல்லாம் சின்னச் சின்ன வேலைகள்தான். மாவு பிசைவது, ஈரத் துணியைப் பிழிவது, பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிச் செல்வது, சுவரைத் தள்ளுவது. தசைக்குப் பலம் கிடைக்கிறது, மூளைக்குத் தெளிவான செய்தியும் போகிறது. தடித்த பென்சில் பிடி, சாய்ந்த எழுது பலகை, இரண்டு வரிக்கு ஒரு முறை கை உதறல். பெரிய வகுப்புகளுக்குப் போகும்போது தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதும் உதவியாளரும் கேட்கலாம். 2016ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் தனியாக இடம்பெற்றிருக்கிறது, அடையாள அட்டை இருந்தால் இதைக் கேட்பது சுலபம். செலவுக்கு யோசிப்பவர்கள் அரசு மருத்துவமனையின் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டு சேவை மையத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2013ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் பகுதி அது, பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் என்பதுதான் அதன் நோக்கம். போகும்போது "பெய்ட்டன் ஸ்கோர் பார்த்துச் சொல்லுங்கள்" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஐந்து நிமிட வேலை, கருவியும் பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எங்களுக்குக் கடினமாக இருந்தது, வலி என்பதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். "வலிக்குதா கண்ணு?" என்று கேட்டால் அவனும் "வலிக்குதா கண்ணு" என்று திருப்பிச் சொல்வான். பிறகு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் ஒரு ஆள் படம் வரைவாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கிரேயான். முதல் ஒரு மாதம் படம் முழுக்கப் பச்சை பூசினான், அவனுக்குப் பிடித்த நிறம் என்பதால். அக்கா விடவில்லை. அவன் விழுந்து முட்டி சிராய்த்த ஒரு நாள், காயத்தின் மேல் அவன் விரலை வைத்து, அதே விரலைப் படத்தின் முட்டியில் வைத்து, சிவப்பைக் கையில் கொடுத்தாள். அப்படியே பல நாள் போனது.

போன கோடையில் மறுபடி ஏற்காடு போனோம். கிளியூர் பக்கம் போகவில்லை, ஏரியைச் சுற்றி மட்டும் நடந்தோம், நினைத்த இடத்தில் உட்கார்ந்தோம். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் அவனாகவே போய்க் காலண்டர் தாளைக் கிழித்துக்கொண்டு வந்தான். அன்றைய தாளையும் அடுத்த நாள் தாளையும் சேர்த்துக் கிழித்திருந்தான். இடது முழங்காலுக்குச் சிவப்பு, வலதுக்கு மஞ்சள், மற்ற இடமெல்லாம் பச்சை. அக்கா சிவப்பு இருந்த முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிட்டு, அந்தத் தாளின் மூலையில் தேதியை எழுதினாள்.